ஒரு பெட்டி ரவை

புதிதாக வேட்டைத் துவக்கு வாங்குகிற மனிதன் சாகப் போவதில்லை என்று அந்த ஆண்டு எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். வீடு என்று நான் சொல்வது கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசைவீடான ரவுன்ஹவுஸையும், அதற்குள் வாழ்ந்த மூன்று பேரையும், சனி ஞாயிறுகளில் பழப்பைகளோடு வந்துபோன உறவினர்களையும். என் கணவருக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது என்பதும் எங்கள் நம்பிக்கைகளில் ஒன்று.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்றாவது ஆள் அவருடைய அக்கா; எனக்கு மச்சாள். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி ஒன்றில் நீண்ட காலம் தாதியாக இருந்து, கணவரை இழந்த பின் தம்பியின் ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்தவர். நோய், மருந்து, வைத்தியர் என்று எது வந்தாலும் எங்கள் குடும்பத்தில் அவர்தான் முன்னால் போவார். சத்திரசிகிச்சை நடந்த அன்றும் வைத்தியரோடு தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்தவர் அவர்தான். ஆஸ்பத்திரி நடைபாதையில், குளிர்பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நோயாளியின் உறவினருக்குச் செய்தி சொல்லிப் பழகிய குரலில் எனக்குச் சொன்னார்.

“வெட்டிப் பாத்திட்டு அப்பிடியே மூடிப்போட்டினம். அவனுக்குப் புண் எண்டுதான் சொல்லப்போறன். புண்ணை எடுத்தாச்சு எண்டு. நீர் உம்மட முகத்தை மட்டும் பாத்துக்கொள்ளும்.”

நோயாளிக்கு முன்னால் புற்றுநோய் என்ற சொல்லைப் பாவிக்க வேண்டாம் என்று வைத்தியரிடமும் அவர் கேட்டிருந்தார். வைத்தியருக்கு அது பிடிக்கவில்லை. நோயாளி தானாகக் கேட்டால் தன்னால் பொய் சொல்ல இயலாது, கேட்காதவரை சொல்லாமலிருக்கலாம் என்ற அளவுக்கு அவர் இறங்கி வந்தார். என் கணவர் கேட்கவில்லை. வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததை ஏதோ தையற்காரர் அளவெடுப்பதைப் போலப் பொறுமையாக ஏற்றுக்கொண்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நோயின் பெயரை மறைப்பது எங்கள் சனத்திடையே வழக்கம். பெயரைக் கேட்டவுடன் நோயாளி மனத்தை விட்டுவிடுவார், மனம் விட்டால் உடம்பும் விட்டுவிடும் என்பது அதன் நியாயம். நான் வேறு நியாயங்களையும் படித்திருந்தேன். ஆனால் மச்சாள் அந்த நியாயத்தை எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று கடைப்பிடித்தவர்.

கோடை முடியும் தறுவாயில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, சொந்தமாக ஒரு வேட்டைத் துவக்கு வாங்கப் போகிறேன் என்று என் கணவர் சொன்னார். மச்சாள் எழுந்து குசினிக்குள் போனார். நான் பின்னால் போனபோது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் அழுதுகொண்டிருந்தார்.

“பாத்தீரே,” என்றார். “அவன் வாற வருசத்தை யோசிக்கிறான். உடம்பு தேறாதவன் உப்பிடி யோசிப்பானே?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் செய்தி ஸ்காபரோ முழுவதும் உள்ள உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த வேட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் இருந்தவரை அவர் துவக்கைக் கையால் தொட்டதில்லை. துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் ஒதுங்கி, தெரு மாறி, ஒழுங்கை மாறி நடந்தே இளமையைக் கழித்தவர். மில்லிக்கன் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெசினில் வேலை செய்தார். பக்கத்து மெசினில் நின்றவர், ஒன்ராறியோவின் வடக்கே பிறந்த, இளைப்பாறும் வயதை நெருங்கிய, மிக உயரமான வெள்ளைக்காரர். அதிகம் பேசாத அந்த இருவரும் அதனாலேயே நண்பர்களானார்கள். ஒரு நொவெம்பரில் நண்பர் அவரை மான் வேட்டைக்குக் கூட்டிப் போனார். போய் வந்ததும் என் கணவர் வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், அனுமதிப்பத்திரம் எடுத்தார். அதன் பின் ஒவ்வோர் இலையுதிர் காலமும் நண்பர் தம்முடைய நல்ல துவக்கை அவருக்குக் கொடுத்துவிட்டு, தொலைநோக்கி பூட்டாத தம் தகப்பனாரின் பழைய துவக்கைத் தாம் கொண்டுபோவார். வயதான கண்ணோடு அதில் அவரால் எதையும் சுட முடிவதில்லை. அது என் கணவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் தாமும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பி வருவார். வந்து இரண்டு மூன்று நாட்களுக்கு நன்றாக நித்திரை கொள்வார். அதனால் நான் தடுத்ததில்லை.

உறவினர்களுக்கு இது நல்ல பகிடி. அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் எங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“துவக்குக்குப் பயந்து இஞ்சை ஓடி வந்தனாங்கள். அண்ணை என்னெண்டால் இஞ்சை வந்து துவக்குத் தூக்கிறார். உது விசர்தானே?”

“அங்கை துவக்கு என்னைத் தேடி வந்தது,” என்பார் என் கணவர். “இஞ்சை நான் அதைத் தேடிப் போறன். கொஞ்சம் வித்தியாசம் இருக்கு.”

அந்தக் கோடை முடிவில் அந்தத் தம்பியும் வந்தார். புதுத் துவக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

கடைக்கு நான்தான் கார் ஓட்டிப் போனேன். தையல் விடும் என்று சொல்லி மச்சாள் அவரைக் கார் ஓட்ட விடுவதில்லை. நண்பர் தம்முடைய ட்ரக்கில் அங்கே வருவதாக ஏற்பாடு. நான் நூலகமொன்றில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்ததால், வேட்டைத் துவக்குகளையும் தொலைநோக்கிகளையும் பற்றிய இரண்டு புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்து, விளங்கியவற்றை அவருக்குச் சொல்லியிருந்தேன். தொழிற்சாலை ஆங்கிலம் அவருக்குப் போதும். நுணுக்கமான பேச்சுக்கு நான் வேண்டும் என்றார்.

ஸ்ரௌவ்வில் ஊருக்குப் போகும் வழியில், சோளவயல்கள் இன்னும் வீடுகளாக மாறாத ஓரிடத்தில் அந்தக் கடை இருந்தது. குதிரைத் தீனி, றப்பர் சப்பாத்து, வேலிக்கம்பி, பின்சுவர் முழுக்கத் துவக்குகள். கடைக்காரர் ஆயுள் முழுவதும் வெடிச்சத்தத்துக்குள் வாழ்ந்து காது மந்தமானவர். எதையும் அவருக்கு உரத்துச் சொல்லவேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு குரல் மெலிந்துபோயிருந்த என் கணவர் சொல்வதை நான் உரத்துத் திருப்பிச் சொன்னேன். அப்படித்தான் அன்று அவருடைய ஒவ்வொரு தெரிவும் என் வாய் வழியாக வெளியே வந்தது.

முதலில் ரவையின், அதாவது துவக்குக் குண்டின், பருமன். எந்த ரவைக்கு எந்தத் துவக்கு என்று தீர்மானித்த பிறகுதான் மற்றவை. கடைக்காரரும் நண்பரும் ஒருமித்துப் பெரிய ரவையையே பரிந்துரைத்தார்கள். மானுக்கும் ஆகும், என்றாவது மூஸ் என்கிற பெரிய மானைச் சுடும் அனுமதி கிடைத்தால் அதற்கும் ஆகும், ஒரு மனிதன் ஆயுளில் ஒரு துவக்கு வாங்கினால் அப்படித்தான் வாங்கவேண்டும் என்றார் கடைக்காரர். என் கணவர் சிறிய ரவையைக் கேட்டார். மான் மட்டும் போதும், தோளில் உதைக்கக் கூடாது என்றார். சொல்லும்போது அவருடைய கை தன்னையறியாமல் கழுத்தெலும்பைத் தொட்டது. சேர்ட்டுக்குள் அது வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

துவக்கு மேசைக்கு வந்தது. அவர் அதைத் தூக்கித் தோளில் வைத்து, சுவரிலிருந்த மான்தலையைக் குறிபார்த்தார். குழல்முனை ஆடியது. முதலில் சிறிதாக, பிறகு வெளிப்படையாக. நண்பர் திரும்பி றப்பர் சப்பாத்துகளைப் பார்க்கத் தொடங்கினார். என் கணவர் துவக்கை இறக்கி வைத்துவிட்டு, முன்பக்கத்தில் பூட்டுகிற இருகால் தாங்கி ஒன்று வேண்டும் என்றார்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். பற்றைக் காட்டுக்குள் நடந்து வேட்டையாடுகிறவருக்கு அது வீண் பாரம், ஒவ்வொரு கொப்பிலும் மாட்டும். வெட்டவெளியான நிலத்தில் படுத்திருந்து தூரத்துக்குச் சுடுகிறவர்களுக்குத்தான் அது சரி என்றார். தாங்கி பூட்டியவர்களைக் கண்டால், காட்டுக்குள் மேசை தூக்கி வந்தவர்கள் என்று என் கணவரும் நண்பரும் முன்பெல்லாம் சிரிப்பதுண்டு. அதை நண்பர் நினைவுபடுத்தவில்லை. கட்டாயம் அதை வாங்கவேண்டுமா என்று நான் தமிழில் கேட்டேன்.

“இந்த முறை நான் நடக்கப் போறேல்லை,” என்றார். “ஒரு இடத்திலை படுத்திருக்கப் போறன். வந்தால் வரட்டும்.”

பிறகு தொலைநோக்கி. உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒன்றைக் கடைக்காரர் புகழ்ந்தார். நான் படித்த புத்தகமும் அதையே சொல்லியிருந்தது. என் கணவர் நான்கு மடங்கு மட்டும் காட்டுகிற, கூட்டிக் குறைக்க ஒன்றுமில்லாத ஒன்றை எடுத்தார். காட்டின் ஓரத்தில், வெளிச்சம் மங்கிய நேரத்தில், கண்ணில் பட்டவுடன் தெளிவாகத் தெரியவேண்டும். பழகுவதற்கு நேரம் எடுக்கக் கூடாது என்றார். அதற்கு ஆயுட்கால உத்தரவாதம் உண்டு என்றார் கடைக்காரர்.

“ஆருடைய ஆயுளுக்கு எண்டு கேளும்,” என்று என் கணவர் எனக்குச் சொன்னார். “கண்ணாடியின்ர ஆயுளுக்கோ, வாங்கிறவன்ர ஆயுளுக்கோ?”

நான் அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி உரத்துக் கேட்கவேண்டியிருந்தது. யாருடைய கையில் இருந்தாலும் உத்தரவாதம் செல்லும் என்று கடைக்காரர் சொன்னார்.

“அப்ப நல்ல சாமான்,” என்றார் என் கணவர்.

தொலைநோக்கியைத் துவக்கில் பூட்டும்போது அதை இறுக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சுடப்போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறக்கவேண்டும். திறந்த கணமே முழு வட்டமும் வெளிச்சமாகத் தெரியவேண்டும். ஓரத்தில் கறுப்பு விளிம்பு தெரிந்தால் தொலைநோக்கியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, சரியான இடத்தில் இறுக்குவார்கள். ஒருவருடைய கழுத்து நீளமும் கை நீளமும் மற்றவருடையதைப் போல இராது. ஆகவே அது அந்த ஓர் ஆளுக்கான அளவு. இதையும் நான் புத்தகத்தில் படித்து அவருக்குச் சொல்லியிருந்தேன்.

கடைக்காரர் துவக்கை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. நண்பரைக் கூப்பிட்டு அவருடைய கையில் கொடுக்கச் சொன்னார். நண்பர் மறுத்தார். என் கைக்குப் பாரமாக இருக்கிறது, நீ பிடி என்றார் இவர். அந்த உயரமான மனிதர் கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வைத்து, கண்ணைத் திறந்து, சற்று முன்னால் என்றார். கடைக்காரர் நகர்த்தினார். இன்னும் சற்று. இப்போது சரி. நீங்களும் ஒரு முறை பார்க்கவேண்டும் என்று கடைக்காரர் என் கணவரிடம் சொன்னார், அவர் பார்த்தார். அவர் கழுத்தை நீட்ட வேண்டியிருந்ததை நான் கண்டேன். அவருடைய கண்ணுக்குக் கறுப்பு விளிம்பு நிச்சயமாகத் தெரிந்திருக்கும்.

“அவனுக்குச் சரி எண்டால் எனக்குக் காணும்,” என்றார். “இறுக்கச் சொல்லும்.”

நான் அதை மொழிபெயர்த்தேன். கடைக்காரர் திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக ரவை. ஒரே கம்பனியின் ஒரே ரவையானாலும், வெவ்வேறு தடவை செய்தவை சற்று வெவ்வேறு இடத்தில் படும், அதனால் ஒரே தொகுதியில் ஐந்தாறு பெட்டிகள் வாங்கி வைத்தால் பல ஆண்டுகளுக்குத் துவக்கைத் திருத்தவேண்டியிராது என்று கடைக்காரர் விளக்கினார். நியாயமான ஆலோசனை. என் கணவர் ஒரு பெட்டி எடுத்தார்.

திரும்பி வரும்போது சோளவயல்கள் முடிந்து புதிய வீடுகளின் மரச்சட்டங்கள் தொடங்குகிற இடத்தில் அவர் பேசினார்.

“ஏன் ஒரு பெட்டி எண்டு நீர் கேக்கேல்லை.”

நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பிடித்தான் எனக்குத் தெரிஞ்சது. எங்கட சனம் ஒரு தடிமன் காய்ச்சலுக்கே பத்துக் கேள்வி கேக்கும். என்ன திண்டனீ, ஆரிட்டை மருந்தெடுத்தனீ, வயித்தாலை போனதோ எண்டு வாசல்லை வச்சே கேக்கும். என்ர வயித்தைக் கிழிச்சுத் தைச்சிருக்கு. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. திராட்சைப்பழத்தை மேசையிலை வச்சிட்டு வெதரைக் கதைச்சிட்டுப் போகினம். பிறகேன் டொக்டர் எனக்குச் சொல்லவேணும்?”

காரை ஓரமாக நிறுத்தினேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. அப்படிப் பிடிக்கிற வழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. தம்முடைய இருக்கைப் பட்டியைச் சரிசெய்தார்.

“அக்காவுக்குச் சொல்லிப்போடாதையும். அவ என்னைக் காப்பாத்திக்கொண்டிருக்கிறா. அந்த வேலையை அவவிட்டையிருந்து பறிக்கக் கூடாது. எனக்கு இந்த நொவெம்பர் காட்டுக்குப் போகவேணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை.”

வாக்குக் கொடுத்தேன். அந்த வாரங்களில் நான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அவர் நொவெம்பர்வரை நடமாடவேண்டும்.

இலைகள் சிவந்து உதிரத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, துவக்கைக் குறிசேர்ப்பதற்காக நண்பர் எங்களை ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் கிரவல் கல் கிண்டிய பள்ளம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். நண்பருக்குத் தெரிந்த ஒருவரின் காணி அது. பள்ளத்தின் மறுகரையில் காகித இலக்கு. தரையில் பலகை விரித்து, அதன்மேல் நான் கொண்டுபோன கம்பளியைப் போட்டோம். தாங்கியின் இரண்டு கால்களும் பலகையில் ஊன்ற, என் கணவர் படுத்திருந்து சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய முழு உடம்பும் சற்றுப் பின்னால் போய் வந்தது. பிறகு நண்பர் படுத்துச் சுட்டார்; குறியைத் திருகித் திருத்தினார்; மறுபடி சுட்டார். நான் காருக்குள் இருந்தேன். சுட்டு முடிந்த பிறகும் இருவரும் எழும்பவில்லை. கம்பளியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் குப்புறக் கிடந்து, இலக்கைப் பார்த்தபடி ஏதோ பேசினார்கள். பிறகு நண்பர் தம் தொப்பியைக் கழற்றி, அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கிடந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்தது. அடுத்த நாள் காலை, தம்பிக்காகக் கந்தசஷ்டி நேர்த்தி வைத்திருப்பதாக மச்சாள் சொன்னார். தாம் தண்ணீரும் பழமும் மட்டும் எடுத்து ஆறு நாளும் விரதம் இருப்பார். நாங்கள் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் காய்ச்சாமல், பின்னேரங்களில் கோயிலுக்குப் போய்வந்தால் போதும். இரண்டு வாரம் நடக்கும் மான் வேட்டை தொடங்குகிற திங்கட்கிழமை அந்த ஆறு நாட்களுக்குள் வந்தது. என் கணவர் அதைச் சொன்னார். தாம் நேர்த்திக்குக் குறுக்கே நிற்கவில்லை, தமக்கு விரதம் இல்லைத்தானே என்றார்.

மச்சாள் கையிலிருந்த விபூதித் தட்டை மேசையில் வைத்தார்.

“விரத நாளிலை உயிரை எடுக்கப் போறியோ? அதுகும் நீ?”

“ஏன் அக்கா,” என்றார் அவர் மெதுவாக. “நான் எண்டால் என்ன?”

மச்சாள் என்னைப் பார்த்தார். அவரும் என்னைப் பார்த்தார். அக்காவால் காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் தம்பிக்குத் தெரிந்துவிடும். தம்பியால் காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் தம்பிக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிடும். இருவருடைய காரணமும் ஒன்றே. அதை அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். என் வாய் கட்டப்பட்டிருந்தது, இரண்டு பேராலும்.

“புண் ஆறின உடம்பு,” என்றார் மச்சாள் கடைசியில். “பாவத்தைத் தேடக் கூடாது. முருகனிட்டைக் கேட்டிருக்கிறன். நான் கேட்டதை நீ கெடுத்துப்போடாதை, தம்பி.”

அவர் தமக்கையின் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் தாயை இழந்த அவரை வளர்த்தவர் அந்தத் தமக்கை.

“சரி அக்கா. உங்கட விரதம் முடியட்டும். ரெண்டாம் கிழமையும் மான் நிக்கும்தானே.”

நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னார்: புதுத் துவக்கைக் கொண்டுபோ, நான் அடுத்த கிழமை வருகிறேன் என்று. நண்பர் துவக்கை எடுக்க வரவில்லை. அந்தக் கிழமை அவரும் காட்டுக்குப் போகவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

அந்த ஆறு நாட்களையும் நான் மறக்கமாட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் பிளாசா ஒன்றின் பின்புறத்தில், களஞ்சியமாக இருந்த மண்டபத்தில் இயங்கிய கோயிலுக்குப் போனோம். மச்சாள் கொண்டுவந்த விபூதியை அவருடைய நெற்றியிலும், பிறகு சேர்ட்டை விலக்கி வயிற்றுத் தழும்பின் நீளத்துக்கும் பூசுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முதல் நாள் அரைக் கோப்பை சோறு சாப்பிட்டார். மூன்றாம் நாளளவில் கஞ்சித் தண்ணீர். அதன் பிறகு அதுவும் இறங்கவில்லை.

“பாத்தீரே,” என்று மச்சாள் எனக்குச் சொன்னார். “வாயாலை இல்லை எண்டாலும் அவனும் விரதம் பிடிக்கிறான்.”

எத்தனையோ நோயாளிகள் சாப்பாட்டை மறுப்பதைப் பார்த்த தாதி அவர். அவருடைய கண்களுக்கு அது தெரியாமலிருந்திராது. ஆனால் அந்த ஆறு நாட்களும் அவர் தாதியாக இருக்கவில்லை.

சூரன்போர் அன்று மண்டபத்தில் நெரிசல். அவருக்கு உட்கார ஒரு கதிரை எடுத்துக் கொடுத்தார்கள். மரச்சூரனின் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதை, பிள்ளைகள் ஆரவாரிக்க, அவர் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விரதம் முடிக்கும் பாறணை. மச்சாள் சமைத்த சோற்றில் என் கணவர் ஒரு கவளத்தை வாயில் வைத்து, விழுங்க முடியாமல் நெடுநேரம் வைத்திருந்தார். யன்னல் வெளிச்சத்தில் அவருடைய கண்கள் மஞ்சளாக இருப்பதை அப்போதுதான் கண்டேன்.

அடுத்த நாள் அதிகாலையில் நண்பர் வந்தார். துவக்கும் கம்பளியும் பிளாஸ்கும் வாசலில் தயாராக இருந்தன. என் கணவர் தடித்த உடுப்புகளை அணிந்து, சப்பாத்தையும் தாமே மாட்டியிருந்தார். மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தார். எழும்பப் போனார். இரண்டாம் முறையும் எழும்பப் போனார். பிறகு, மெசின் நின்றுபோனதைப் பற்றிச் சொல்வதைப் போல, நண்பருக்கு ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னார்: கால் கேட்கவில்லை என்று. அந்த உயரமான மனிதர் முழந்தாளிட்டு இருந்து சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்தார். மச்சாள் படியின் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்டுக்குப் போகவேண்டியவரை அந்த ட்ரக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அவர் திரும்பி வரவில்லை. கடைசிவரை மச்சாள் கட்டிலருகே இருந்து, பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டில் வைத்தபடி, பழைய புண் மறுபடி வாய் திறந்திருக்கிறது, ஆறிவிடும் என்று சொன்னார். அவர் ஓம் அக்கா, ஓம் அக்கா என்று சொன்னார். மார்கழி பிறக்கும் முன் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து உறவினர்கள் கலைந்த பின் ஒரு பின்னேரம் நண்பர் வந்தார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட்டோடு சோபாவின் நுனியில் இருந்து, மச்சாள் கொடுத்த வடையை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டார். மச்சாள் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார், அப்போதெல்லாம் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்வியை: வேலையிடத்தில் தம்பி தன்னுடைய சுகத்தைப் பற்றி ஏதாவது சொல்வானா, குணமாகும் என்று நம்பினானா?

நண்பர் பொய் சொல்லத் தெரியாதவர். கிரவல் பள்ளத்தில் என் கணவர் தமக்கு எல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். இது கடைசி இலையுதிர் காலம், வயிற்றில் இருப்பது புற்றுநோய், துவக்கு உனக்குத்தான், நான் ஒரு தடவை அதோடு காட்டில் கிடந்துவிட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்னாராம். அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றும் சொன்னாராம். அந்தக் கடைசி வார்த்தைகள் வெளியே வந்த பிறகுதான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது நண்பருக்கு உறைத்தது. வடையைத் தட்டில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் மொழியில், எனக்குக்கூட, பெயர் சொல்லிச் சொல்ல முடியாததை, தமக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், முகத்தைப் பார்க்காமல் படுத்துக்கொண்டு என் கணவரால் சொல்ல முடிந்திருக்கிறது.

துவக்கை நான் முறைப்படி பத்திரங்களோடு நண்பருக்கே கொடுத்தேன். அவர் போன பின் மச்சாள் பாத்திரங்களைக் கழுவினார். நான் துடைத்தேன்.

“உமக்கும் தெரியும்,” என்றார்.

“ஓம் மச்சாள்.”

“அண்டைக்கு நான் மறிச்சிருக்காட்டி அவன் போயிருப்பான்.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் போதுமான அளவு அப்படிச் சொல்லியாகிவிட்டது.

“போயிருப்பார்.”

காய்ச்சலின் அளவைக் கேட்டுக்கொள்வதைப் போலத் தலையசைத்தார். கடைசிக் கோப்பையையும் கழுவி என்னிடம் தந்தார்.

“எனக்குச் சொல்லியிருந்தால் நானே கொண்டுபோய் விட்டிருப்பன்,” என்றார்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திராது. அதன் பிறகு அவர் எந்த நேர்த்தியும் வைக்கவில்லை. கோயிலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. எங்கள் சனத்தில் யாருக்காவது நோய் வந்தால், போய்க் கட்டிலருகே இருந்து, என்ன நோய், எங்கே நோகிறது, வைத்தியர் என்ன சொன்னார் என்று நேரே கேட்பார். வீட்டுக்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை. சில வீடுகளில் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

நண்பர் இளைப்பாறி வடக்கே போனார். சில ஆண்டுகள் நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு நின்றது. உறவினர்கள் ஒவ்வொருவராக மார்க்கம், ஸ்ரௌவ்வில் என்று வீடு வாங்கிப் போய்விட்டார்கள். எங்களையும் வரச்சொல்லிக் கேட்டார்கள். மச்சாளும் நானும் மல்வேர்னில்தான் இருக்கிறோம்.